வருமானச் சான்று: கேன் பதிவில் யார் செல் நம்பர் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்

சான்று கைக்கு வந்துவிட்டது. ஆனாலும் ஒரு செல் நம்பரால் பட்ட பாடு இன்னும் ஆறவில்லை. கல்லூரிச் சேர்க்கை நேரத்தில் இ-சேவை மையத்துக்குப் போகிறவர்கள் இதைக் கவனியுங்கள்.

தாள்களில் பிரச்சினை இல்லை. ஆதார், ஸ்மார்ட் கார்டு (ரேஷன் கார்டு), போட்டோ, கையெழுத்துப் போட்ட சுய உறுதிமொழி, சம்பளக்காரர் என்றால் சம்பளச் சீட்டு. கட்டணம் 60 ரூபாய்.

வில்லங்கம் கேன் (CAN) எண்ணில்தான். இ-சேவையில் ஒவ்வொருவருக்கும் அவரவர் விவரத்தைப் பதிந்து தரும் எண் அது. வருவாய்த்துறைச் சான்று எதுவானாலும் முதலில் கேன் பதிவு வேண்டும். ஒருமுறை போட்டால் பிறகு சாதிச் சான்று, இருப்பிடச் சான்று எல்லாவற்றுக்கும் அதே எண். வரிசை நீளும்போது ஒவ்வொருவரிடமும் ஓடிபி கேட்டுக்கொண்டிருக்க முடியாது என்று, சில இடங்களில் ஆபரேட்டர் தன் நம்பரையே அடித்துவிடுகிறார். எங்கள் வீட்டுப் பதிவிலும் முன்பொரு மையத்துக்காரரின் நம்பர்தான் இருந்தது. விஏஓ விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிய எஸ்எம்எஸ் அவருக்குப் போய்விட்டது. நாங்களோ ஆர்ஐயிடம் (வருவாய் ஆய்வாளர்) நிற்கிறது என்று காத்துக்கொண்டிருந்தோம்.

நம்பரை மாற்றலாம் என்றால் அதற்கான ஓடிபியும் அதே பழைய நம்பருக்கே! அவர் மையத்தை மூடிவிட்டு வேறு ஊருக்குப் போயிருந்தார். விசாரித்துப் பிடித்து, போனிலேயே ஓடிபியைச் சொல்லவைத்த பிறகுதான் திருத்த முடிந்தது. அவர் சிம்மை மாற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. ஆகவே ஓடிபி உங்கள் போனுக்கு வராமல் அடுத்த திரைக்குப் போக விடாதீர்கள். பெயரும் இனிஷியலும் ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்று திரையைத் திருப்பச் சொல்லிப் படியுங்கள்.

விண்ணப்பம் திரும்பிய காரணம் மங்கிய ஸ்கேன். ஆவணம் 200 கேபிக்குள், போட்டோ 50 கேபிக்குள் இருக்க வேண்டும். செல்லில் எடுத்த பெரிய படத்தை நசுக்கி அந்த அளவுக்குக் கொண்டுவந்தால் எழுத்து கரைந்துவிடும். ஸ்கேனரில் கறுப்பு-வெள்ளையில், 150 டிபிஐ (ஸ்கேனின் தெளிவு அளவு) வைத்து எடுக்கச் சொல்லுங்கள். அளவும் அடங்கும், எழுத்தும் தெளியும். ஏற்றியபின் கோப்பைத் திறந்து, கார்டு எண்ணைப் படிக்க முடிகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

பணம் கழிந்து ஒப்புகைச் சீட்டு வராவிட்டால் உடனே மறுபடி கட்டாதீர்கள். ஆபரேட்டரின் கணக்கில் பரிவர்த்தனைப் பட்டியலைப் பார்க்கச் சொல்லுங்கள். பல நேரம் விண்ணப்ப எண் அங்கே விழுந்திருக்கும். அந்த எண் கையில் இருந்தால் நிலையை வீட்டிலிருந்தே பார்க்கலாம். எஸ்எம்எஸ்ஸை நம்பி உட்காராமல் இரண்டு நாளுக்கு ஒருமுறை பாருங்கள்.

இன்னொன்று, பலர் விட்டுவிடுவது. உங்கள் ஆதார் ஸ்கேன் அந்தப் பொதுக் கணினியின் டெஸ்க்டாப்பிலேயே கிடக்கும். கிளம்பும் முன் அதை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யச் சொல்லுங்கள். நாங்கள் கேட்டபோது ஆபரேட்டர் மறுக்கவில்லை. எங்களுக்கு முன்னால் வந்தவர்களின் கோப்புகளையும் சேர்த்தே அழித்தார்.