தோகோவில் விடியற்காலை முரசு

காலை 5.40. நவம்பர் மாதக் குளிர், இன்னும் இருட்டு பிரியவில்லை. ஜப்பானின் ஷிகோகு தீவில், மாத்சுயாமா நகரில், தோகோ ஒன்சென் ஹோன்கான் வாசலில் நானும் மனைவியும் நிற்கிறோம். ஒன்சென் என்றால் வெந்நீர் ஊற்று, ஹோன்கான் என்றால் முதன்மைக் கட்டடம். எங்களுக்கு முன்னால் பதினைந்து பேர் இருக்கலாம். பாதிப் பேர் விடுதியில் கொடுத்த யுகாதா அங்கியும் மரச்செருப்புமாக வந்தவர்கள். மீதிப் பேர் உள்ளூர்க்காரர்கள். கையில் இருந்த சின்னக் கூடையே சொல்லிவிட்டது: சோப்பு, ஷாம்பு, மடித்த துண்டு, ஒரு சீப்பு. தினமும் வருகிறவர்களின் கூடை.

அண்ணாந்து பார்த்தேன். கூரைகளுக்கெல்லாம் மேலே ஒரு சின்ன மாடம், சுற்றிலும் சிவப்புக் கண்ணாடி. அதன் உச்சியில், கோபுரத்துக் கலசம் இருக்க வேண்டிய இடத்தில், ஒரு வெண்கொக்கு. மாடத்தின் பெயர் ஷின்ரோகாகு. உள்ளே விளக்கு எரிந்ததால் இருட்டில் அது மட்டும் தணலாகத் தெரிந்தது. மணி ஆறானதும் அங்கிருந்து முரசு ஒலித்தது. அவசரமில்லாமல், ஒவ்வொரு அடியும் அடங்கிய பிறகு அடுத்தது, மொத்தம் ஆறு. காலை ஆறுக்கும் நண்பகலுக்கும் மாலை ஆறுக்கும் இப்படி அடிக்கிறார்கள். ஜப்பானில் காப்பாற்ற வேண்டிய நூறு ஒலிகள் என்று 1996-இல் அரசு ஒரு பட்டியல் வெளியிட்டது. அதில் இந்த முரசும் உண்டு.

வரிசை நகர்ந்தது.

எனக்கு இது இரண்டாவது வருகை. 2023 வசந்தத்தில் முதல் தடவை வந்தபோது கட்டடத்தையே பார்க்க முடியவில்லை. பழுதுபார்க்கும் வேலைக்காகச் சாரம் கட்டி, முழுக்கப் போர்த்தியிருந்தார்கள். போர்வை முழுதும் ஓவியர் ஓதாகே ஷின்ரோவின் கண்ணைப் பறிக்கும் வண்ணங்கள். அவ்வளவு தூரம் வந்து இப்படி ஆகிவிட்டதே என்று வாசலில் நின்றவனிடம், "குளிக்கலாம், உள்ளே வாருங்கள்" என்றார்கள். போர்வைக்குள்ளே குளியல் நடந்துகொண்டுதான் இருந்தது! 2019 ஜனவரியில் தொடங்கிய வேலை அது. முதல் பாதியில் ஒரு குளியலறையைத் திறந்துவைத்து மற்ற பகுதியைச் செப்பனிட்டார்கள், பிறகு இதைத் திறந்து அதைச் செப்பனிட்டார்கள். முழுக் கட்டடமும் திறந்தது 2024 ஜூலை 11 அன்றுதான். ஐந்தரை வருடம். மூடிவிட்டுச் செய்திருந்தால் வேலை எத்தனையோ சுலபமாக முடிந்திருக்கும். ஆனால் அந்தக் கூடைக்காரர்கள் எங்கே போவார்கள்? இதை யோசித்தவர்கள் மேல் எனக்கு வந்த மரியாதைதான் என்னை மறுபடியும் இங்கே கூட்டிவந்தது.

ஊற்றின் பழமைக்கு அளவில்லை. ஜப்பானின் மிகப் பழைய வரலாற்று நூல்களிலேயே தோகோ வருகிறது. கால் அடிபட்ட கொக்கு ஒன்று இங்கே சுரந்த வெந்நீரில் அந்தக் காலைத் தினமும் நனைத்து, காயம் ஆறிப் பறந்துபோனதாம். அதைப் பார்த்துத்தான் மக்கள் இறங்கினார்களாம். இன்னொரு கதையில் சுகுனாஹிகோனா என்ற குட்டிக் கடவுள் நோயில் விழ, நண்பரான ஓகுனினுஷி அவரை உள்ளங்கையில் வைத்து இந்த நீரில் நனைத்தார். எழுந்த குட்டிக் கடவுள் பக்கத்துக் கல்லின் மேல் ஏறி ஆடியேவிட்டார். அந்தக் கல் கட்டடத்தின் வடபுறம் இருக்கிறது. வருகிறவர்கள் அகப்பையால் அதற்கு நீர் வார்த்துக் கும்பிடுகிறார்கள்.

இப்போதைய கட்டடத்தின் கதை ஒரு மனிதரின் பிடிவாதத்தில் தொடங்குகிறது. இசாநிவா யுகியா, தோகோ சிற்றூரின் முதல் தலைவர். 1890-இல் பதவிக்கு வந்தபோது பழைய குளியல் இல்லம் இற்றுப்போயிருந்தது. அதைத் தட்டி ஒட்டிச் சரிசெய்வதற்குப் பதிலாக, மூன்று நிலை மரக் கட்டடமாகப் புதிதாகவே எழுப்பலாம் என்றார். செலவு 1,35,000 யென். அந்தக் காலத்தில் ஒரு சிற்றூர் நினைத்துப் பார்க்க முடியாத தொகை. எதிர்ப்பு பலமாகக் கிளம்பியது. இன்னும் நூறு வருடம் போனாலும் வேறெந்த ஊராலும் இதைப்போல் செய்ய முடியக்கூடாது, அப்படிப்பட்டதைக் கட்டினால்தான் பொருள் உண்டு என்பது அவர் வாதம். தன் சம்பளத்தை வாங்க மறுத்தார். மாத்சுயாமா கோட்டையில் வேலை செய்த தச்சர் பரம்பரையில் வந்த சாகாமோட்டோ மாதாஹாசிரோவைத் தலைமைத் தச்சராக்கினார். 1894-இல் கட்டடம் எழுந்தது. ஆட்கள் வந்து சேர வேண்டுமே என்று ரயிலுக்கும் முனைந்தார். மறு வருடமே மாத்சுயாமாவிலிருந்து தோகோவுக்குச் சின்ன ரயில் ஓடியது.

அதே 1895-இல் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் கற்பிக்க இந்த ஊருக்கு வந்தார் ஓர் இளைஞர். பிற்காலத்தில் பெரிய எழுத்தாளரான நாத்சுமே சோசெகி. எட்டு சென் கொடுத்தால் மேல் மாடிக்குப் போகலாம், தேநீரும் பலகாரமும் கிடைக்கும், குளிக்கப் போனால் தலைக்குச் சோப்புகூடப் போட்டுவிடுகிறார்கள் என்று நண்பருக்கு எழுதிய கடிதத்தில் மெச்சியிருக்கிறார். ஊரார் அவ்வளவு சண்டை போட்ட கட்டடத்துக்கு, ஒரே வருடத்தில் வெளியூர்க்காரரின் பாராட்டு. இசாநிவாவின் காதுக்கு அது எட்டியிருக்கக் கூடாதா என்று தோன்றியது.

வெளியே நின்று பார்த்தால் கூரைகள்தான் முதலில் கண்ணில் படும். ஒன்றன் மேல் ஒன்று, ஒன்றன் பின்னால் ஒன்று, ஒவ்வொன்றும் ஒரு திசையில் சரிகிறது. எந்தக் கூரை எந்த அறையுடையது என்று கீழேயிருந்து சொல்ல முடியவில்லை. நான்கு பக்கமும் சுற்றி நடந்தால் நான்கு வேறு கட்டடங்கள் மாதிரி இருக்கிறது. காரணம், இது ஒரே மூச்சில் கட்டியதல்ல. 1894-இல் முதன்மைப் பகுதி, 1899-இல் கிழக்கே அரச குடும்பத்துக்கான பகுதி, 1924-இல் தெற்குக் கட்டும் முகப்பும். வேலி மேல்கூடக் கொக்குகள். எண்ணத் தொடங்கி, மனைவி "வாங்க, வரிசை போகுது" என்றதும் விட்டுவிட்டேன்.

குளியல் மட்டும் என்றால் 700 யென். நாங்கள் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து மாடிக்கூடத்துக்கும் சேர்த்துச் சீட்டு வாங்கினோம். செருப்பைக் கழற்றி உள்ளே போனால் குறுகலான மரப் படிகள், நூற்றாண்டுக்கு மேல் கால்பட்டு வழவழத்த பலகைகள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் பிரிந்தோம்.

கீழேயிருக்கும் பெரிய குளியலறைக்குக் காமி நோ யு, அதாவது கடவுளின் வெந்நீர், என்று பெயர். உடைகளை முழுவதும் களைந்து, குட்டையான முக்காலியில் உட்கார்ந்து, உடம்பைத் தேய்த்துக் கழுவிய பிறகே தொட்டியில் இறங்க வேண்டும். துண்டு தண்ணீரில் படக்கூடாது. தயக்கம் இரண்டு நிமிடம்தான், யாரும் யாரையும் பார்ப்பதில்லை. தொட்டி கருங்கல். சுவரில் பக்கத்து ஊரான தோபேயின் பீங்கான் ஓடுகளில் நீலக் கொக்குகள். நடுவே ஆள் உயரத்துக்குக் கல்லால் ஆன உருளை, அதன் வாயிலிருந்து வெந்நீர் விழுகிறது. யுகாமா என்கிறார்கள். அந்த இரண்டு கடவுளரையும் பழங்கவிதை ஒன்றையும் அதில் செதுக்கியிருக்கிறார்கள். நீச்சல் அடிக்கக் கூடாது என்று ஒரு பலகையும் உண்டு. சோசெகியின் நாவல் நாயகன் இங்கே நீந்தி மாட்டிக்கொள்வான், அதனால் அவனுடைய செல்லப்பெயரைச் சொல்லியே தடை போட்டிருக்கிறார்கள்.

தண்ணீரின் சூட்சுமத்தைச் சொல்ல வேண்டும். 18 ஊற்றுகள், 20 முதல் 55 டிகிரி வரை ஒவ்வொன்றும் ஒரு சூடு. அவற்றைக் கலந்தே சுமார் 42 டிகிரிக்குக் கொண்டுவருகிறார்கள். காய்ச்சுவதும் இல்லை, பச்சைத் தண்ணீர் ஊற்றி ஆற்றுவதும் இல்லை. முதலில் சுரீரென்றது. பத்து எண்ணுவதற்குள் பழகி, தோள் வரை அமிழ்ந்தேன். தோலில் ஒரு வழவழப்பு தங்குகிறது. எனக்கு எதிரே ஒரு பெரியவர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். எழும்போது யுகாமாவை ஒரு தடவை தொட்டுவிட்டுப் போனார். வேண்டுதலா, வழக்கமா? கேட்க எனக்கு ஜப்பானியம் போதாது.

குளித்து முடித்து மாடிக்கூடத்தில் சேர்ந்தோம். பாய் விரித்த நீளக் கூடம், எல்லாக் கதவுகளும் திறந்திருந்தன, வியர்த்த முதுகில் விடியற்காற்று. தேநீரும் அரிசி அப்பளம் போன்ற பலகாரமும் வந்தன. சோசெகி எழுதிய அதே உபசாரம், தலைக்குச் சோப்பு மட்டும் இல்லை. "கூடை வச்சிருந்த பாட்டி, எனக்கு முக்காலியை எடுத்துப் போட்டாங்க" என்றாள் மனைவி, ஈரத் தலையைத் துவட்டியபடி.

பிறகு யூஷின்தென்னைச் சுற்றிப் பார்த்தோம். 1899-இல் அரச குடும்பத்துக்கென்றே கட்டிய குளியல் பகுதி அது. பொன் தாள் ஒட்டிய தடுப்புகள், உயர்ந்த வகைக் கல்லில் தொட்டி, மெய்க்காவலர் மறைந்திருக்க ஒரு அறை. வேலைப்பாடு மெச்சத்தக்கதுதான். ஆனாலும் நீர் இல்லாத தொட்டியின் முன் என்னால் நெடுநேரம் நிற்க முடியவில்லை. மனம் கீழே இரைச்சலும் ஆவியுமாக இருந்த கூடத்துக்கே போய்க்கொண்டிருந்தது. 1994-இல், சரியாக நூறாவது வருடம், இந்தக் கட்டடத்தைத் தேசிய முக்கியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தார்கள். புழக்கத்தில் இருக்கும் பொதுக் குளியல் இல்லம் ஒன்றுக்கு அந்தத் தகுதி கிடைத்தது அதுவே முதல் முறை.

அப்புறம் பக்கத்திலிருக்கும் தோகோ பூங்காவுக்கு நடந்தோம். அங்கே ஒரு பழைய யுகாமா நிற்கிறது. 1894-இல் புதுக் கட்டடம் வரும்வரை வெந்நீரைப் பொழிந்த கல் அது. இப்போது வாய் காய்ந்து, விளிம்பில் பாசி. கையை வைத்தேன், குளிர்ந்திருந்தது. சுற்றிலும் இலைகள் பழுத்து உதிர்ந்துகொண்டிருந்தன. பெஞ்சில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துத் தின்றோம்.

நண்பகல் முரசு அங்கேயும் கேட்டது. மணல்வெளியில் விளையாடிய ஒரு சிறுமி, கையிலிருந்த வாளியைக் கீழே போட்டுவிட்டு விரல் மடக்கி உரக்க எண்ணத் தொடங்கினாள். பத்து விரலும் தீர்ந்ததும் அம்மாவின் கையை இழுத்து, அவள் விரலில் இரண்டை மடக்கினாள்.