எம்மாவுக்கு ஒரு கொத்துச் சாமந்தி

அம்மாவின் பொருத்தனை பல வருடங்களாகப் பாக்கி நின்றது. எங்கள் மார்மன் சபையார் ஒரு காலத்தில் குடியிருந்த, அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்து நாவூவுக்குப் போய்க் கல்லறையில் பூ வைக்க வேண்டும். அதுவும் சபையை நிறுவிய தீர்க்கதரிசி ஜோசப் ஸ்மித்துக்கு அல்ல, அவர் மனைவி எம்மாவுக்கு. ஜோசப்புக்குப் பின் சபையை மேற்கே நடத்திச் சென்ற பிரிகாம் யங்கோடு போகாமல் தங்கிவிட்டார் என்று நம்மவர்களில் சிலருக்கு எம்மாமீது இன்னும் மனத்தாங்கல் உண்டு. அம்மாவிடம் அந்தப் பேச்சு எடுபடாது.

சிகாகோவிலிருந்து ஐந்து மணி நேரக் கார்ப் பயணம். ஜூலையில் கிளம்பியது என் தப்பு; நாடக விழாக் கூட்டம் ஊரை அடைத்திருந்தது. விடுதியில் சொன்ன வாடகை ஒன்று, வாங்கியது ஒன்று.

முதலில், ஜோசப்பையும் அவர் அண்ணனையும் அடைத்துவைத்துக் கொன்ற கார்த்தேஜ் சிறை. வரிசையில் நின்று மாடி ஏறினோம். 1844 ஜூன் 27 மாலை கும்பல் புகுந்த அறை இதுதான். கதவில் குண்டு துளைத்த ஓட்டை இருக்கிறது. அண்ணன் ஹைரம் அறைக்குள்ளேயே விழுந்தார். ஜோசப் ஜன்னல் வழியாகக் கீழே விழுந்தார், வயது 38. அந்த ஜன்னலுக்கு அடியில் ஒரு குடும்பம் சிரித்துச் சிரித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. கர்த்தர் மன்னிக்கட்டும், எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அம்மா என் கையை அழுத்தினார்.

திரும்பி வரும்போது காரில் பழைய கதையை நான்தான் கிளறினேன். அடுத்து சபைக்குத் தலைவர் யார் என்பது எல்லோரும் ஒப்பும்படி தீராமலேயே தீர்க்கதரிசி போய்விட்டார். ஆகஸ்ட் 8-ஆம் தேதிக் கூட்டத்தில் ஜோசப்பின் ஆலோசகர் சிட்னி ரிக்டன் தன்னையே சபைக்குக் காப்பாளராக ஏற்கச் சொன்னார். சபையை நடத்திய பன்னிரு அப்போஸ்தலர்கள் சார்பில் பிரிகாம் யங் எழுந்தார். ஜோசப்பின் குரலையே கேட்டோம் என்று பலர் பின்னாளில் சாட்சி சொன்னார்கள். பெரும்பாலோர் பன்னிருவர் பக்கம் நின்றார்கள். ரிக்டன் பிட்ஸ்பர்க் போய்த் தனிச்சபை கண்டார். ஞானஸ்நானம் பெற்று நான்கே மாதமாகியிருந்த ஜேம்ஸ் ஸ்ட்ராங், ஜோசப் தன்னை நியமித்ததாக ஒரு கடிதத்தை நீட்டினார். 1850-இல் மிச்சிகன் ஏரியிலுள்ள பீவர் தீவில் முடிகூடச் சூட்டிக்கொண்டார்! 1860-இல் எம்மாவின் மகன் மூன்றாம் ஜோசப், மேற்கே போகாதவர்கள் மறுபடி கூட்டிய சபைக்குத் தலைவரானார்.

"நீ தலைவர்களையே எண்ணிக்கொண்டு வருகிறாய்" என்றார் அம்மா. "ஜோசப் கொல்லப்பட்ட அன்றைக்கு எம்மாவுக்கு ஐந்தாவது மாதம்."

உண்மைதான். நவம்பர் 17-ஆம் தேதி டேவிட் பிறந்தான், தகப்பன் முகம் பார்க்காமலே. ஜோசப் கொண்டுவந்த பலதார மணத்தை எம்மாவின் மனம் ஏற்கவில்லை. போதாததற்குக் கணவர் விட்டுப்போன கடன். எது சபைச் சொத்து, எது பிள்ளைகளின் சொத்து என்ற வழக்கு வேறு. அப்பா தவறியபோது நானும் அம்மாவின் வயிற்றில் இருந்தேன். சித்தப்பாமார் பத்திரத்தோடு வந்த கதையை அம்மா எனக்கு ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருக்கிறார்.

கல்லறைக்குப் பக்கத்திலேயே மிசிசிப்பி ஓடுகிறது. பகைவர் எடுத்துவிடுவார்கள் என்று அஞ்சி, மணல் நிரப்பிய பெட்டிகளை ஊரறியப் புதைத்துவிட்டு, ஜோசப், ஹைரம் உடல்களை ரகசியமாக மறைத்துவைத்தார்கள். 1928-இல்தான் தேடி எடுத்து, சகோதரர் இருவரையும் எம்மாவோடு சேர்த்து அடக்கம் செய்தார்கள்.

கடையில் வாங்கிய சாமந்திக் கொத்தின் விலைச் சீட்டை அம்மா நகத்தால் சுரண்டி எடுத்தார். முழுவதும் வரவில்லை, எச்சில் தொட்டுத் தேய்த்தார். பிறகு, மூட்டு வலியோடு முழங்காலிட்டார். எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை. உதடுகூட அசையவில்லை. அந்தத் தோளைப் பார்த்துக்கொண்டே நானும் அழுதேன். பரலோக பிதாவே, ஸ்தோத்திரம். இந்தக் கால்களை இவ்வளவு தூரம் கொண்டுவந்தீரே, அம்மாவையும் என்னையும் நடுத்தெருவில் விடாமல் காத்தீரே, ஸ்தோத்திரம். வாடகையும் வரிசையும் எங்கே போயின என்றே தெரியவில்லை.

எழுப்பிவிட்டபோது அம்மாவின் கையில் ஒரு பூ மிச்சம் இருந்தது. ஜோசப்பின் பெயரை ஒரு பார்வை பார்த்தார்.

"பாவம், அவருக்கும் வைத்துவிடு" என்று என்னிடம் நீட்டினார்.