ரோஸ்மேரி எண்ணெயைத் தலையில் வைக்கும் முன்

முடி கொட்ட ஆரம்பித்ததும் எந்த எண்ணெய் நல்லது என்று கேட்கிறோம். இது எந்த வகை உதிர்வு என்று கேட்பதில்லை. கடும் காய்ச்சல், பிரசவம், திடீர் எடைக்குறைவு இவற்றுக்குப் பின் 2, 3 மாதம் கழித்துக் கொத்தாகக் கொட்டுவது பெரும்பாலும் 6 மாதத்தில் தானே அடங்கிவிடும். அந்தச் சமயத்தில் எதைத் தடவியிருந்தாலும் நல்ல பெயர் அதற்குத்தான். மூலிகை எண்ணெய்களின் புகழில் பெரும்பங்கு இப்படி வந்தது என்றே நினைக்கிறேன்.

பரம்பரை வழுக்கை அப்படித் தானே திரும்பாது. டிஹெச்டி என்ற ஹார்மோன் மயிர்க்காலைச் சிறுகச் சிறுகச் சுருக்குகிறது. இதற்காக மனிதர்களிடமே சோதிக்கப்பட்ட தாவரப் பொருள்கள் கொஞ்சம்தான். ரோஸ்மேரி என்ற வாசனை மூலிகை அதில் ஒன்று. 2015இல் வெளியான ஆய்வில் 100 பேரில் பாதிப்பேருக்கு ரோஸ்மேரி, மீதிப்பேருக்கு வழுக்கைக்குத் தலையில் தடவும் மருந்தான மினாக்ஸிடில், 2% அளவில். 3ஆம் மாதம் இரு தரப்பிலும் சொல்லும்படி மாற்றமில்லை. 6ஆம் மாதம் இரண்டிலும் முடி எண்ணிக்கை கொஞ்சம் கூடியிருந்தது. ‘மினாக்ஸிடிலுக்குச் சமம்’ என்று விற்பவர்கள், ஒப்பிட்டது வலுவான 5% மினாக்ஸிடிலோடு அல்ல என்பதையும், மருந்தே தராத குழு ஒன்று இல்லை என்பதையும் சொல்லமாட்டார்கள்.

சா பால்மெட்டோ என்பது ஒரு குட்டைப் பனையின் பழச்சாரம், டிஹெச்டியை உருவாக்கும் நொதியைத் தடுப்பது. தினம் 320 மி.கி. வீதம் 2 ஆண்டு கொடுத்ததில் 38% பேருக்கு முன்னேற்றம், வழுக்கைக்கான மாத்திரையான ஃபினாஸ்டிரைடு 1 மி.கி. எடுத்தவர்களில் 68%. கர்ப்பிணிகள் சா பால்மெட்டோவை எடுக்கவே கூடாது. வெங்காயச் சாறு பலன் காட்டியது புழுவெட்டில், வழுக்கையில் அல்ல. புழுவெட்டு பலருக்கு மருந்தில்லாமலும் ஆறும். புதினா எண்ணெய்க்குச் சான்று எலிகளோடு நின்றுவிட்டது.

ரோஸ்மேரியைத்தான் முயல்வது என்றால் அளவு முக்கியம். 30 மி.லி. ஹோஹோபா எண்ணெயில் (ஒரு செடியின் விதையில் எடுப்பது) 0.6 மி.லி. காய்ச்சி வடித்த செறிவான ரோஸ்மேரி எண்ணெய், அதாவது சுமார் 12 சொட்டு: 2% கலவை. சொட்டின் பருமன் மூடிக்கு மூடி மாறும், ஊசி போடாத சிரிஞ்சால் அளப்பது நல்லது. முதலில் முன்கையின் உட்புறம் ஒரு துளி தடவி 48 மணி நேரம் பாருங்கள். சிவந்தால், அரித்தால், அதோடு விட்டுவிடுங்கள். கலக்காமல் நேரே ஊற்றினால் தோல் வெந்து அழற்சி வரலாம், அந்த அழற்சியே இன்னும் கொஞ்சம் முடியைக் கொட்டவைக்கலாம். வகிடு வகிடாகப் பிரித்து, முடியில் அல்ல, தோலில் படும்படி விட்டு, நகம் படாமல் விரல் நுனியால் 2 நிமிடம் தேயுங்கள்.

பொடுகோடு சிவப்பும் இருப்பவர்களுக்கு எண்ணெய் கலவையே வேண்டாம்; பொடுகுக்குக் காரணமான பூஞ்சை கொழுப்பைத் தின்றுதான் பெருகுகிறது. ரோஸ்மேரி இலையை வீட்டில் எண்ணெயில் ஊறவைப்பதும் வடித்த எண்ணெய்க்கு ஈடாகாது. அதில் சத்து எவ்வளவு இறங்கியது என்று அளக்க வழியில்லை, இலையில் ஈரமிருந்தால் பூசணமும் பிடிக்கும். வாங்கிய புட்டியும் பல மாதம் திறந்து மூடினால் காற்றுப்பட்டுக் கெடும். வாசனை மாறிய எண்ணெய் ஒவ்வாமையைத் தூண்டும், வைத்துக்கொள்ளாதீர்கள்.

பலனைச் சீப்பில் எண்ணாதீர்கள். தினம் 50 முதல் 100 முடி கொட்டுவது இயல்பு. மாதம் ஒருமுறை, காய்ந்த தலை, ஒரே வகிடு, ஒரே வெளிச்சத்தில் படம் எடுத்து 6ஆம் மாதம் ஒப்பிடுங்கள். இதற்கிடையில் தோல் வழவழப்பாகி மயிர்த்துளைகளே தெரியாத திட்டு ஏதாவது கண்ணில் பட்டால் 6 மாதம் காத்திருக்க வேண்டாம். அது மயிர்க்கால் தழும்பாகும் வகை உதிர்வாக இருக்கலாம், அதில் போன மயிர்க்கால் திரும்பாது. அந்த வாரமே தோல் மருத்துவரைப் பாருங்கள்.