அரிசிப் புத்தகத்தைத் தொலைத்த முகம்

வியட்நாமின் ஹனோயில் ரேஷன் காலத்து அரசுக் கடை போலவே ஜோடித்த ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போனேன். சுவரில் பழைய கூப்பன்கள், மேசையில் எனாமல் தட்டுகள். பியர் வந்த டம்ளரைத்தான் வெகுநேரம் உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சை படர்ந்த கண்ணாடி, உள்ளே பொடிப்பொடியாகக் காற்றுக் குமிழ்கள். உடைந்த கண்ணாடியை உருக்கிச் செய்வதாம். அந்த வறுமைக் காலத்து டம்ளர்தான் இன்றும் ஊரெங்கும்.

கூட வந்த வழிகாட்டிப் பெண் அதற்கெல்லாம் பிறகு பிறந்தவர். அம்மா சொன்ன கதைகளைச் சொன்னார். அரிசிக்கு விடியும் முன்பே வரிசை. நிற்க ஆளில்லாவிட்டால் பெயர் எழுதிய செங்கல் நிற்கும். இன்றும் முகம் செத்துப்போய் இருப்பவரைப் பார்த்தால் ‘அரிசிப் புத்தகத்தைத் தொலைத்த மூஞ்சி’ என்பார்களாம், அதாவது ரேஷன் அரிசிப் புத்தகம்.

1985இல் பழைய 10 டோங்குக்குப் புதிய 1 டோங் என்று பணத்தை மாற்றினார்கள். நிலைமை இன்னும் மோசமாகி, அடுத்த ஆண்டு பணவீக்கம் 700 சதவீதத்தைத் தாண்டியது. அந்த டிசம்பரில்தான் ஆளும் கம்யூனிஸ்ட் கட்சியின் 6ஆவது மாநாடு ‘டோய் மோய்’ (புதுப்பித்தல்) என்ற பொருளாதாரச் சீர்திருத்தத்தை அறிவித்தது. நுயென் வான் லின் பொதுச் செயலாளர் ஆனார்.

ஆனால் எனக்கு இதன் தொடக்கம் வின் ஃபுக் மாகாணத்தில்தான். 1966இலேயே அங்கே கட்சிச் செயலாளர் கிம் நொக், கூட்டுப்பண்ணை வயல்களைக் குடும்பங்களுக்கு ஒப்பந்தத்தில் பிரித்துக் கொடுத்தார். மேலிடத்திலிருந்து மூத்த கட்சித் தலைவர் ட்ரூங் சின் கடுமையாகக் கண்டித்தார், திட்டம் நின்றது. கிம் நொக் 1979இல் இறந்துபோனார். 1986 ஜூலையில் பொதுச் செயலாளர் லே டுவான் மறைந்ததும், டிசம்பர் மாநாடு வரை அந்தப் பொறுப்புக்கு வந்தவர் யார்? அதே ட்ரூங் சின்! மாநாட்டு அறிக்கையைச் சீர்திருத்தத்தின் பக்கம் திருப்பியதும் அவரேதான். மனசு மாறியதா, வயிறு மாற்றியதா, தெரியவில்லை. 1988இல் கட்சியின் தீர்மானம் 10 வந்து, நிலத்தைக் குடும்பங்கள் கையில் விட்டது. மறு ஆண்டே 10 லட்சம் டன்னுக்கு மேல் அரிசி ஏற்றுமதி.

நிலத்தை உழலாம், பயன்படுத்தும் உரிமையை விற்கலாம். உடைமை மட்டும் இன்றும் ‘மக்கள் அனைவருடையது’, அதாவது அரசின் பிடியில். கட்சியும் ஒன்றே ஒன்றுதான். சந்தை திறந்த அளவுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை.

அப்புறம் சோறு வந்தது, மரவள்ளிக்கிழங்கு கலந்தது. அரிசி பற்றாத நாளில் தின்றது, இப்போது விசேஷப் பண்டம். அம்மாவையும் ஒருமுறை இங்கே கூட்டி வந்தாராம் அந்தப் பெண். அம்மா தட்டைத் தள்ளிவிட்டு, “இதைத் தின்னக் காசு வேறு கொடுக்கணுமா?” என்று கேட்டு, வெள்ளைச் சோறு வரும்வரை கை வைக்கவே இல்லையாம்.