பத்து ஆச்சா?

கல்யாணமாகி மலேசியாவின் சுங்கை சிப்புட்டுக்கு வந்தபோது எனக்குத் தெரிந்த மலாய் 'தெரிமா காசே' மட்டும்தான். இந்த ஊர்ப் பெயருக்கு நத்தை ஆறு என்று பொருள் என்பதே மூன்றாம் மாதம்தான் தெரிந்தது. கணவர் வேலைக்குக் கிளம்பியதும் துறையூரில் இருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டு அழுவது என் அன்றாட வேலை. அது எதிர்வீடு வரை கேட்டிருக்க வேண்டும். ஒருநாள் எதிர்வீட்டு அக்கா கேட்டைத் தட்டி, "பசியாறிட்டியாம்மா?" என்றார். நான் விழித்தேன். இங்கே காலையில் சாப்பிடுவதற்குப் பெயர் பசியாறுவது. நல்ல சொல். நம் பக்கம் ஏன் டிபனாகிப் போனதோ.

அக்காவுக்கு அப்போது நாலு மாதம். வீட்டுக்காரர் சிங்கப்பூரில் வேலை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் வருவார். மூத்த பையன் மகாத்மா காந்தி கலாசாலை என்ற தமிழ்த் தொடக்கப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு. அவன் பிறந்தபோதே அக்காவுக்குப் பிரஷர் ஏறியிருந்ததால், இந்த முறை கிளினிக்கில் கொடுத்த பிங்க் புத்தகத்தில் ஆரம்பத்திலேயே பச்சை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். வெள்ளை என்றால் மிஸ்ஸியே பார்த்துக்கொள்வார். இங்கே நர்ஸை அப்படித்தான் சொல்கிறார்கள். பச்சை என்றால் டாக்டரும் பார்க்க வேண்டும். மஞ்சள் என்றால் ஸ்பெஷலிஸ்ட், சிவப்பு என்றால் உடனே ஆஸ்பத்திரி. ஏழாம் மாதத் தொடக்கத்தில் பிரஷர் 140/90-ஐத் தாண்டியபோது பச்சை மஞ்சளானது.

அதிலிருந்து ஒவ்வொரு செக்கப்புக்கும் நான் துணை. துணை என்று பெயர்தான். பேசுவதெல்லாம் அவர், பை தூக்குவது நான். ஆனால் வரிசையில் உட்கார்ந்து உட்கார்ந்தே மொழி வந்துவிட்டது. தாரா திங்கி என்றால் உயர் இரத்த அழுத்தம், பெங்காக் என்றால் வீக்கம், பெனிங் என்றால் தலைசுற்றல். கடையில் தக்காளி என்ன விலை என்று கேட்கத் தெரியாத நான், கால் வீங்கியிருக்கிறதா என்று மலாயில் கேட்பேன்.

பிரஷர் என்றதும் அக்கா வீட்டு ஊறுகாய், கருவாடு, இக்கான் பிலிஸ் என்கிற காய்ந்த நெத்திலி எல்லாவற்றையும் வாரி என் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். தமிழ் மிஸ்ஸி ஒருவர் கேட்டுச் சிரித்தார். "இது நஞ்சுக்கொடியில ஆரம்பிக்கிற கோளாறும்மா. பாவம், ஊறுகாய் மேல பழி போடாதீங்க. மாத்திரையை மட்டும் விடாம சாப்பிடச் சொல்லுங்க." கருவாட்டைத் திருப்பிக் கொடுத்தேன், கொஞ்சம் குறைந்திருந்தது.

அக்காவின் மாமியாருக்கு இந்தப் புத்தகமே பிடிக்காது. "ஒன்பதாம் மாசம் வரைக்கும் பால்மரம் வெட்டுனேன். ஆறு பிள்ளை, எல்லாம் தோட்டத்து லயத்து வீட்டுலயே. புக்கா பார்த்தோம்?" என்பார். அந்த ரப்பர் காடெல்லாம் இப்போது செம்பனை, அதாவது பாமாயில் மரம்.

புத்தகத்தின் உள்ளே குழந்தையின் அசைவைக் குறிக்க ஓர் அட்டவணை உண்டு. காலை ஒன்பது மணியிலிருந்து இரவு ஒன்பதுக்குள் பத்து உதையாவது வர வேண்டும். வராவிட்டால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தினமும் சாயங்காலம் போன் போட்டு, "பத்து ஆச்சா?" என்பேன். "மதியமே ஆச்சு, இவன் ஃபுட்பால் பிளேயர்" என்பார்.

முப்பத்து மூன்றாவது வாரத்தில் ஒருநாள், "பத்து ஆச்சு. ஆனா காலைலேர்ந்து தலைவலி. கண்ணு முன்னால மின்மினி பறக்குற மாதிரி இருக்கு" என்றார். அந்த இரண்டையும் மிஸ்ஸி எத்தனையோ முறை சொல்லி எச்சரித்திருக்கிறார். செருப்பு மாட்டக்கூட நிற்காமல் எதிர்வீட்டுக்கு ஓடினேன். என் கணவர் காரை எடுத்தார். ஈப்போ ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். அன்றைக்கு அது துறையூரை விடத் தூரமாக இருந்தது.

வலிப்பு வராமல் இருக்க மக்னீசியம் ட்ரிப் ஏற்றினார்கள். உடம்பெல்லாம் எரிகிறது என்றார் அக்கா. முன்கூட்டியே பிறந்தாலும் குழந்தையின் நுரையீரல் தாங்க வேண்டும் என்று ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். மாமியாரும் நானும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். ரொம்ப நேரம் அவர் வாயே திறக்கவில்லை. அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆறு இல்லம்மா, எட்டு" என்றார். "ரெண்டு தங்கல. அதுல ஒண்ணுக்கு இதே மாதிரிதான், தலைவலி தலைவலின்னேன். தோட்டத்து மருந்துக்காரர் மாத்திரை கொடுத்து அனுப்பிட்டாரு." வேறெதுவும் சொல்லவில்லை. மடியிலிருந்த பிங்க் புத்தகத்தின் அட்டையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மூன்றாம் நாள் ஆப்பரேஷன். ஃபுட்பால் பிளேயர் என்றது பெண் குழந்தை, 1.7 கிலோ. வீட்டுக்காரர் ராத்திரி பஸ் பிடித்து வந்து சேர்ந்தார். அக்காவை அனுப்பிய பிறகும் குழந்தையை மூன்று வாரம் வைத்திருந்தார்கள். பாலை எடுத்து ஐஸ் பையில் கொண்டுபோவதும், கலாசாலை வாசலில் பையனைக் கூப்பிடுவதும் என் பொறுப்பு. அம்மாவுக்குப் போன் போடவே மறந்துபோய், ஒருநாள் அங்கிருந்து அவர் பதறிக்கொண்டு கூப்பிட்டார்.

இப்போதும் சாயங்காலமானால் கை தானாகப் போனுக்குப் போகிறது. நேற்றும் பழக்க தோஷத்தில், "பத்து ஆச்சா?" என்றேன்.

"பத்து பேம்பர்ஸ் ஆச்சு" என்றார் அக்கா. "வரும்போது ஒரு பாக்கெட் வாங்கிட்டு வா."