எட்டாவது படித்தவளுக்கும் ஒரு கல்லூரி

பாம்பன் பக்கம் கடலில் முங்கிப் பாசி எடுக்கப் போகும் பெண்களில் என்னைப்போல எட்டாவதோடு நின்றவர்கள் நிறைய. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பத்தாவது முடிக்காதவர்களையும் சேர்த்துக்கொள்ளும் சமுதாயக் கல்லூரி என்று ஒன்று இருக்கிறது என்று எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. எனக்கே பங்குச் சாமியார் சொல்லித்தான் தெரியும்.

அமெரிக்காவில் 1901லேயே சமுதாயக் கல்லூரி வந்துவிட்டதாம். நம் பக்கம் 1995ல் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும், அடுத்த ஆண்டு சென்னை மயிலை கத்தோலிக்க உயர்மறைமாவட்டமும் தொடங்கின. அப்புறம் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பட்டயம் வழங்க முன்வந்ததும் பல ஊர்களுக்குப் பரவியது. தையல், கேட்டரிங், ஏசி மெக்கானிக், கம்ப்யூட்டர் என்று பல படிப்புகள். நான் சேர்ந்தது ஹெல்த் அசிஸ்டன்ட், ஒரு வருடம்.

சேர்வதற்கு டிசி கேட்டார்கள். வீட்டில் இல்லை. படித்த பள்ளிக்குப் போய், பழைய அட்மிஷன் ரிஜிஸ்டரைத் தேடி எடுத்துத்தான் நகல் வாங்க முடிந்தது. அதில் ஒரு பிறந்த தேதி, ஆதாரில் வேறொன்று. அதைச் சரிசெய்த பிறகுதான் விண்ணப்பத்தையே வாங்கினார்கள்.

அதைவிடக் கஷ்டம் வருமானம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்தான் பாசிக்குப் போவோம். அந்த நாளில் வகுப்புக்குப் போனால் அன்றைய கூலி போச்சு. என் நாத்தனார்தான் என் பங்குக்கும் சேர்த்து முங்கினாள். அவள் இல்லையென்றால் இந்தப் படிப்பு இல்லை.

வகுப்பில் பெரும்பாலும் சின்னப் பிள்ளைகள். எல்லாரும் என்னை அக்கா என்றார்கள். முதல் சில வாரம் பேசப் பழகுவதும், பாங்க் படிவம் நிரப்புவதும், பத்துப் பேர் முன்னால் எழுந்து நிற்பதும்தான் பாடம். இது எதற்கு என்று அப்போது தோன்றியது. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேள்வி கேட்டபோது பதறாமல் பதில் சொல்ல வந்தது அந்தப் பழக்கத்தால்தான்.

நாடி பார்ப்பது எனக்கு லேசில் வரவில்லை. துணி சுற்றிக்கொண்டு முங்கினாலும் பாறையில் அறுபட்டு விரல் நுனியெல்லாம் காய்த்துப் போயிருந்தது. மிஸ் என் கையைப் பிடித்து, "கட்டைவிரலை எடுத்துருங்க, அதுல உங்க துடிப்பே தெரியும். மூணு விரலை வச்சு லேசா அழுத்துங்க" என்றார். நான் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்ததுதான் சிக்கல். லேசாக வைத்ததும் தட்டுப்பட்டது.

உண்மையான படிப்பு ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் பயிற்சிக்குப் போனபோதுதான். பக்கவாதத்தில் படுத்திருந்த ஒரு ஆத்தாவை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இடது, வலது என்று திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். விட்டால் படுக்கைப்புண் வந்துவிடும். இடுப்புக்குக் கீழே விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தாலும் சிஸ்டர் விடமாட்டார், மறுபடி இழுத்துவிடச் சொல்வார். போகப்போக அந்த ஆத்தா, "நீயே வா தாயி" என்று என்னைக் கேட்க ஆரம்பித்தார்.

சேர நினைப்பவர்கள் பணம் கட்டும் முன் இரண்டைக் கேளுங்கள்: சான்றிதழ் எந்தப் பல்கலைக்கழகம் தரும்? பயிற்சிக்கு எந்த ஆஸ்பத்திரி? பதில் மழுப்பலாக இருந்தால் வேறு இடம் பாருங்கள். இதை முடித்தால் நர்ஸ் ஆகிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அதற்குப் பிளஸ் டூ முடித்து ஏஎன்எம், ஜிஎன்எம் போன்ற நர்சிங் படிப்பு படிக்க வேண்டும். நோயாளியைக் கவனிக்கும் உதவியாளர் வேலைக்கு இது போதும். எனக்குப் பயிற்சி எடுத்த ஆஸ்பத்திரியிலேயே வேலை கிடைத்தது. சம்பளம் பெரிதில்லை, ஆனால் மாதம் பிறந்தால் வருகிறது.