பிளக் மரை போன சிலிண்டர் ஹெட்டைச் சரிசெய்த அனுபவம்

வீட்டிலேயே சர்வீஸ் முடித்து பைக்கை ஸ்டார்ட் செய்ததும் ஹெட் (சிலிண்டரின் மேல்மூடி) பக்கம் 'புஸ் புஸ்' என்று காற்று வெளியேறியது. ஸ்பார்க் பிளக் கோணலாக ஏறியிருந்தது. கழற்றினால் அதன் மரை இடுக்கில் அலுமினியம் மெல்லிய கம்பியாகச் சுருண்டு ஒட்டியிருந்தது. பிளக் இரும்பு, ஹெட் அலுமினியம். முறுக்கினால் ஹெட்டின் மரைதான் போகும்.

மேல் மரை மட்டும் நசுங்கியிருந்தால், உள்ளிருந்து வெளியே மரையைச் சீராக்கும் ஒரு வகை டேப் (மரை வெட்டும் கருவி) போதும். எங்கள் ஹெட்டில் பாதிக்கு மேல் போய்விட்டது. அதனால் 14 மி.மீ. பிளக்குக்கான இரும்பு இன்சர்ட் வாங்கினோம். உள்ளும் வெளியும் மரை உள்ள சின்னக் குழல் அது; ஹெட்டில் பெரிதாகப் புது மரை வெட்டி அதை இறக்க வேண்டும்.

ஹெட்டை இறக்காமலே செய்வதாக முடிவு. மரை வெட்டுவதைவிட, அப்போது விழும் பிசிறுதான் எனக்குப் பெரிய கவலை. ஒரு துணுக்கு உள்ளே தங்கினாலும் சிலிண்டர் சுவரில் கோடு விழலாம், வால்வு சீட்டில் (வால்வு வந்து பொருந்தும் இடம்) சிக்கினால் கம்ப்ரஷன் போய்விடும். வால்வு கவரைத் திறந்து, எக்ஸாஸ்ட் வால்வு திறந்திருக்கும் நிலைக்கு எஞ்சினை மெதுவாகச் சுற்றி நிறுத்தினோம். அப்போதுதான் பிறகு காற்றடித்தால் தூசு சைலன்சர் வழியாகப் போகும்.

இன்சர்ட்டுக்கான மரையை வெட்டும் டேப்பின் பள்ளங்களில் கிரீஸை நிறைய அப்பி, அரைச் சுற்று முன்னே, கொஞ்சம் பின்னே என்று இறக்கினேன். அடிக்கடி வெளியே எடுத்துத் துடைத்து, புது கிரீஸ் பூசினேன். கிரீஸ் முழுக்கப் பளபளவென்று அலுமினியப் பொடி. இந்த இடத்தில் அவசரமே கூடாது. அப்புறம் வேக்யூம் கிளீனரில் மெல்லிய டியூப் மாட்டி உறிஞ்சி, காற்றடித்து, டார்ச்சும் சின்னக் கேமராவும் விட்டுப் பார்த்தோம். பிஸ்டன் மேல் ஒரு துணுக்கு மின்னியது. கம்பி நுனியில் கிரீஸ் தொட்டு அதையும் எடுத்தோம்.

இன்சர்ட்டின் நீளத்தை ஹெட்டின் பழைய மரை நீளத்தோடு ஒத்துப் பார்த்துதான் போட வேண்டும். உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால் அந்த மரை சூடேறி, கரி பிடித்து, பெட்ரோலை நேரத்துக்கு முன்பே பற்றவைக்கும். வெளிப்பக்கம் மட்டும் சூடு தாங்கும் லாக்கிங் பசை தடவி இறக்கி, ஒரு ராத்திரி காய விட்டோம்.

பிளக்கை இப்போது ரப்பர் ஹோஸ் துண்டில் செருகித்தான் ஏற்றுகிறேன். முதலில் இடப்பக்கம் திருப்பினால் மரை 'டிக்' என்று உட்காரும், பிறகு வலப்பக்கம். கோணலானால் ஹோஸ் வழுக்கிவிடும், மரைக்குச் சேதமில்லை. கடைசி இறுக்கம், முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில், 25 நியூட்டன் மீட்டர்.

ஸ்டார்ட் செய்து பிளக்கைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் விட்டதில் ஒரு குமிழியும் வரவில்லை. கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு, எஞ்சின் நன்றாக ஆறியபின் பிளக்கை மறுபடி கழற்றினேன். இன்சர்ட் அசையாமல் ஹெட்டிலேயே இருந்தது.